இரண்டிலும் நாலிலும்

கொட்டாஞ்சேனையில் இன்று பின்னேரம் கொயர் (பாடகர் குழு) ஒத்திகை. பாடுவது கொஸ்பல், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் கிறிஸ்தவப் பாட்டு. ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) வரிசையில் ஒரு அக்காவின் கைகள் தட்டப் போய், பாதியிலேயே நின்றுவிட்டன.

பிழை அவரில் இல்லை.

ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கையில் தட்டு 1, 5, 7இல் விழும். சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் முதல் எண்ணிக்கையில், தட்டித்தான் கீர்த்தனை பாடிப் பழகினோம். கொஸ்பலில் 4 எண்ணிக்கைக்குள் 2இலும் 4இலும்தான் தட்டு.

வாயால் விளக்கினால் ஏறாது. முதலில் கால். 1இல் வலப்பக்கம் ஓர் அடி, 3இல் இடப்பக்கம். மற்றக் கால் வந்து சேரும்போது கை தட்ட வேண்டும். மெட்ரோனோம் (தாள வேகம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 70. பாட்டே வேண்டாம், 5 நிமிடம் இது மட்டும்.

பிறகு 'ம்' என்று முனகல். சொற்கள் கடைசியில்தான். முந்திக் கொடுத்தால் கை சமத்துக்கே ஓடிவிடும், வேகமும் கூடும்.

ஏழரைக்கு அக்காவின் கை சரியாக விழுந்தது. பக்கத்தில் நின்ற டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) தம்பி அவரைப் பார்த்துத்தான் தட்டினான்.