அப்பா என்ன பண்றார்?

மார்ச் 3, திங்கள்

இன்று ஆங்கில வகுப்பில் ஒவ்வொருவரிடமும் ஒரு சின்னக் கேள்வி. 'வாட் டஸ் யுவர் ஃபாதர் டூ?' அப்பா பட்டறையில் கடைசல் இயந்திரத்தில், அதாவது லேத்தில், இரும்பைக் கடைபவர். என் முறை வந்ததும் 'ஹி இஸ் டூயிங் டர்னர் ஒர்க்' என்றேன். ஆசிரியை திருத்தினார்: 'ஹி இஸ் எ டர்னர்.' நான் சொன்னது ஐந்து சொல், அவர் சொன்னது நான்கு. அந்த நான்கில் இருந்த 'எ' என்னுடைய ஐந்தில் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. தமிழில் 'அப்பா என்ன பண்றார்?' என்று ஒரே கேள்விதான். சொந்தக்காரர் ஃபோனில் கேட்டால் தூங்குகிறார், குளிக்கிறார் என்று சொல்வோம், புதிதாகப் பழகியவர் கேட்டால் தொழிலைச் சொல்வோம். யார் கேட்கிறார் என்பதை வைத்தே நமக்குப் புரிந்துவிடும். ஆங்கிலம் அந்த வேலையைப் பதில் சொல்பவர் தலையில் விடுவதில்லை, வினைச்சொல்லிலேயே முடித்துவிடுகிறது. 'வாட் டஸ் ஹி டூ' என்றால் தொழில், 'வாட் இஸ் ஹி டூயிங்' என்றால் இந்த நிமிடம் கையில் என்ன என்பது. நம் காதுக்கு இரண்டும் 'பண்றார்' என்றே கேட்பதால்தான் அந்த 'டூயிங்' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறேன்.

தொழில் பெயர்களுக்கென்று தனியாக ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். நூறு சொல் பட்டியல், இருநூறு சொல் பட்டியல் என்று கிடைப்பதையெல்லாம் போன வருடமே மனப்பாடம் செய்து பார்த்தாயிற்று, பத்து நாளில் எல்லாம் கரைந்துவிட்டன. இந்த முறை எனக்குத் தெரிந்த மனிதர்கள் செய்யும் தொழில்களில் இருந்து ஆரம்பம். முதல் பக்கம் அப்பாவுக்கு.

மார்ச் 5, புதன்

அந்த 'எ'வைப் பற்றி. 'ஐ ஆம் இன்ஜினியர்', 'ஷி இஸ் நர்ஸ்' என்றெல்லாம் நாம் சொல்வது தமிழ் வழக்கத்தில்தான். 'அவர் பொறியாளர்' என்கிறோம், 'அவர் ஒரு பொறியாளர்' என்று ஒவ்வொரு முறையும் சொல்வது செயற்கையாக இருக்கும். ஆங்கிலத்தில் தொழில் பெயர் ஒருமையில் வந்தால் முன்னால் 'எ' அல்லது 'ஆன்' வேண்டும்: எ நர்ஸ், ஆன் இன்ஜினியர், ஆன் ஆர்க்கிடெக்ட். பன்மையானால் போய்விடும், 'தே ஆர் நர்ஸஸ்'.

அப்புறம் இன்னொன்று. 'ஐ காட் எ ஒர்க்' என்று சொல்லக் கூடாது. ஒர்க் என்பது தண்ணீர் மாதிரி, எண்ண முடியாதது. எண்ணக்கூடியது ஜாப்: எ ஜாப், டூ ஜாப்ஸ். நமக்கு 'வேலை' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாம் அடக்கம், வேலை கிடைத்தது, வேலை இருக்கிறது, ஒரு வேலையாகப் போனேன். ஆங்கிலத்தில் இவை தனித்தனிச் சொற்களாகப் பிரிந்துவிடுகின்றன.

மார்ச் 8, சனி

இன்று முழுக்க விகுதிகள். இதை எழுத எனக்கு உற்சாகமாக இருக்கிறது, ஏனென்றால் ஆங்கிலத்தைப் படிக்கப் போய்த் தமிழையும் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன்.

நம்மிடம் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். தச்சர், கொல்லர், மருத்துவர் ஒரு வகை. எழுத்தாளர், செய்தியாளர் இன்னொரு வகை. கலைஞர், கவிஞர், வழக்கறிஞர் இன்னொன்று. ஓட்டுநர், இயக்குநர், அனுப்புநர் என்று 'நர்' போட்டு ஒரு கூட்டம். ஏன் எழுத்தாளர், ஏன் எழுத்துநர் இல்லை என்று நாம் யாரும் கேட்டதில்லை, கேட்டுப் பழகிய காது சரியாகச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலமும் இப்படித்தான், அந்தக் காது நமக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வினைச்சொல்லோடு ஈ-ஆர் சேர்வதுதான் ரொம்பச் சாதாரணம்: டீச், டீச்சர். பெயிண்ட், பெயிண்டர். வெல்ட், வெல்டர். சில ஓ-ஆர் வாங்கிக்கொள்ளும்: ஆக்டர், எடிட்டர், இன்ஸ்பெக்டர். உச்சரிப்பில் வித்தியாசமே தெரியாது, எழுதும்போதுதான் மாட்டிக்கொள்வோம். ஒரு நல்ல அடையாளம் கிடைத்தது: வினைச்சொல் 'ஏட்' என்று முடிந்தால் பெரும்பாலும் ஓ-ஆர். டிரான்ஸ்லேட், டிரான்ஸ்லேட்டர். ஆப்பரேட், ஆப்பரேட்டர். எஜுகேட், எஜுகேட்டர். ஸ்கேட், டிபேட் இரண்டும் இதற்கு அடங்காமல் ஈ-ஆர் எடுக்கின்றன, அவற்றைத் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

'ஐ-சி' என்ற எழுத்துகளில் முடியும் சில சொற்கள் 'ஷியன்' ஆகின்றன. மியூசிக், மியூசிஷியன். மேஜிக், மெஜிஷியன். எலக்ட்ரிக், எலக்ட்ரீஷியன். எழுதும்போது முதலில் இருக்கும் அந்த 'சி' எழுத்து அப்படியே இருக்கும், அதன் ஓசை மட்டும் 'க்'கிலிருந்து 'ஷ்'ஷுக்கு மாறும். இது தெரிந்த பிறகு எலக்ட்ரீஷியனுக்கு எழுத்துப்பிழை வரவே இல்லை, இதற்கு முன்னால் அந்த இடத்தில் 'எஸ்-ஹெச்' போட்டுக்கொண்டிருந்தேன்.

'இஸ்ட்' பற்றிப் படிக்கும்போது ஒரு தகவல் கிடைத்தது, இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. சயின்டிஸ்ட் என்ற சொல்லே 1833-ல்தான் பிறந்திருக்கிறது. வில்லியம் ஹியூவெல் என்ற ஆங்கிலேய அறிஞர், ஆர்ட்டிஸ்ட் இருக்கும்போது சயின்டிஸ்ட் ஏன் இருக்கக் கூடாது என்ற வழியில் உருவாக்கியது. நியூட்டன் இறந்தது 1727-ல். அப்படியானால் அவரை உயிரோடு இருந்தவரை யாரும் அந்தச் சொல்லால் அழைத்திருக்க முடியாது, இயற்கைத் தத்துவவாதி என்றுதான் சொல்லியிருப்பார்கள். தொழில் முதலில் வந்துவிடுகிறது, பெயர் நிதானமாக வருகிறது.

மார்ச் 9, ஞாயிறு

அப்பாவை உட்கார வைத்துக் கேட்டேன். நோட்டில் முதல் பக்கம் அவருடையது என்றதும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்பா ஆங்கிலம் பேச மாட்டார், ஆனால் பட்டறைக்குள் அவர் வாயில் வருவது பாதிக்கு மேல் ஆங்கிலம். டர்னர், ஃபிட்டர், வெல்டர், மோல்டர். சக், டூல் போஸ்ட், ஃபேசிங், டர்னிங், வெர்னியர். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இரும்பு ராடை, அதைப் பிடித்துக்கொள்ளும் சக்கில் மாட்டி, மூன்று தாடையும் சமமாகப் பிடிக்கும்படி சக் சாவியால் முறுக்க வேண்டுமாம். இரும்புதான் சுற்றும், அதை வெட்டும் டூல் சுற்றாது. டூலை மெல்ல மெல்ல உள்ளே கொடுத்தால் இரும்பு சுருள் சுருளாக உரிந்து வரும், சூட்டைத் தணிக்கும் கூலன்ட் பால் மாதிரி வெள்ளையாக ஊற்றிக்கொண்டே இருக்கும். சுருள் நீலமாக வந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். விரலை நீட்டி, ஒரு தலைமுடியைப் பிடிப்பது மாதிரி கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, 'கடைசியா இவ்வளவுதான் எடுக்கணும், அதுக்கு மேல போச்சுன்னா ஜாப் ரிஜெக்ட்' என்றார்.

ஜாப்! அப்பாவுக்கு ஜாப் என்றால் உத்தியோகம் கிடையாது, சக்கில் மாட்டியிருக்கும் இரும்புத் துண்டு. 'ஜாப்பை மாட்டு', 'ஜாப்பை இறக்கு', 'ஜாப் ஆடுது'. ஆங்கிலப் புத்தகங்கள் அதை ஒர்க்பீஸ் என்கின்றன. புதன்கிழமை ஒர்க்கை எண்ண முடியாது என்று எழுதினேன் இல்லையா, கூடவே ஒரு 'பீஸ்' சேர்ந்ததும் எண்ண முடிகிறது.

இரவு டர்னர் என்ற சொல்லைத் தேடினேன். டர்ன் என்றால் திரும்புதல், சுழற்றுதல், அதிலிருந்து டர்னர் வந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த டர்ன் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், லத்தீனில் 'டோர்னஸ்' என்றால் கடைசல் இயந்திரம். கடைசல் இயந்திரத்தில் வைத்துச் சுழற்றுவதற்கான சொல்தான் பிறகு எல்லாவிதமான திரும்புதலுக்கும் ஆகியிருக்கிறது. டர்ன் லெஃப்ட், டர்ன் ரைட், டர்ன் த பேஜ், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு லேத் சுற்றிக்கொண்டிருக்கிறது. காலையில் அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒன்று. இங்கிலாந்தில் தொழில் பெயர்கள் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. ஸ்மித் கொல்லர், டெய்லர் தையல்காரர், கூப்பர் மரப்பீப்பாய் செய்பவர், ஃப்ளெட்சர் அம்பு செய்பவர், தாட்சர் கூரை வேய்பவர். டர்னரும் அப்படித்தான். ஜே.எம்.டபிள்யூ. டர்னர் என்ற பெரிய ஓவியர் (1775–1851), கடலையும் வெளிச்சத்தையும் வரைந்தவர், அவருடைய அப்பா முடிதிருத்துபவர், டோப்பாவும் செய்வார். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் அந்த வீட்டில் யாரோ ஒருவர் கடைசல் வேலை செய்திருக்க வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

அக்கா மகள் வந்திருந்தாள், ஆறாம் வகுப்பு. குக் என்றால் சமைக்க, அப்படியானால் சமைப்பவர் குக்கர்தானே சித்தி என்று கேட்டாள். விதிப்படி பார்த்தால் அவள் சொல்வது சரி! ஆனால் சமைப்பவரும் குக்தான், குக்கர் பாத்திரம். கிரைண்டரும் பிரின்டரும் ஆளாகவும் இருக்கலாம், இயந்திரமாகவும் இருக்கலாம். அப்பாவின் பட்டறையில் கிரைண்டர் லீவு என்றால் மனிதர் வரவில்லை, கிரைண்டர் ஓடவில்லை என்றால் இயந்திரம் பழுது.

கம்ப்யூட்டரும் ஒரு காலத்தில் ஆள்தான். கணக்குப் போடுவதையே வேலையாகச் செய்தவர்களுக்கு அந்தப் பெயர். கேத்தரின் ஜான்சன் 1953-ல் அமெரிக்க விமானவியல் ஆய்வுக்கூடத்தில் அப்படி ஒரு கம்ப்யூட்டராகத்தான் சேர்ந்தார், அதுவே பின்னால் நாசா ஆனது. 1962-ல் விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றப் புறப்படும் முன், இயந்திரம் போட்ட கணக்கைக் கேத்தரின் கையால் சரிபார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். இதைச் சொன்னதும் அவள் தன் நோட்டில் கேத்தரின் ஜான்சன், கம்ப்யூட்டர் என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெண்ணின் முகம் வரைந்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

உச்சரிப்பு. இது தனியாக ஒரு மாதம் எடுக்கும் போலிருக்கிறது.

பிளம்பர் என்று நாம் நடுவில் வரும் 'ப'வை அழுத்துகிறோம், அங்கே அந்த எழுத்துக்கு ஒலியே இல்லை, 'ப்ளமர்' என்றுதான் சொல்ல வேண்டும். ஒலி இல்லாத எழுத்து எதற்கு என்றால், லத்தீனில் ஈயத்துக்குப் பெயர் பிளம்பம், அந்தக் காலத்தில் குழாய்கள் ஈயத்தில் செய்தார்கள். வேதியியலில் ஈயத்தின் குறியீடு 'பி-பி' என்று பள்ளியில் படித்தோமே, அதே பிளம்பம்தான். சைக்காலஜிஸ்ட் எழுதும்போது முன்னால் ஒரு 'பி' நிற்கும், அதற்கும் ஒலி கிடையாது. ஷெஃப், கெமிஸ்ட் இரண்டும் 'சி-ஹெச்'சில் தொடங்குகின்றன, ஒன்றில் ஷ, இன்னொன்றில் க.

அழுத்தம் அதைவிட முக்கியம். ஃபோட்டோகிராஃப் சொல்லும்போது முதல் அசையை அழுத்த வேண்டும், ஃபோட்டோகிராஃபர் ஆனதும் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்ந்து 'ஃபடாக்ரஃபர்' மாதிரி ஆகிவிடுகிறது. இன்ஜினியரில் கடைசி அசை, வாலன்டியரிலும் அப்படியே. கரியரிலும் கடைசி அசைதான், அதை மாற்றி முதல் அசையை அழுத்திக் 'கேரியர்' என்றால் சுமப்பது, சைக்கிளுக்குப் பின்னால் இருப்பது. வாழ்க்கைத் தொழிலைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்பவருக்குப் புரியாமலே போகும். கண்ணாடி முன்னால் நின்று இருபது முறை சொன்னேன்.

மார்ச் 20, வியாழன்

எம்ப்ளாயர் வேலை கொடுப்பவர், எம்ப்ளாயீ வேலை செய்பவர். டிரெய்னர், டிரெய்னீ. இன்டர்வியூவர், இன்டர்வியூவீ. கடைசி ஓசை ஒன்றில் இரண்டு பேரும் இடம் மாறிவிடுவார்கள், நேர்காணலில் மாற்றிச் சொன்னால் விஷயமே தலைகீழ்.

ஃபயர்மேன் இப்போது ஃபயர்ஃபைட்டர், போலீஸ்மேன் போலீஸ் ஆஃபிசர், ஸ்டூவர்டெஸ் ஃப்ளைட் அட்டென்டன்ட். ஆண் பெண் பார்க்காமல் சொல்ல அவர்கள் புதுச் சொல் தேட வேண்டியிருந்தது, நம் 'அர்' விகுதி அந்த வேலையை எப்போதோ செய்துவிட்டது. மருத்துவர் வந்தார் என்றால் யாராகவும் இருக்கலாம். நடிகை, ஆசிரியை போன்ற சில மட்டும் தனியாக நிற்கின்றன, அவற்றையும் நடிகர், ஆசிரியர் என்றே சொல்லலாம் என்பது என் கருத்து.

அம்மாவுக்கும் ஒரு பக்கம் போட்டேன். ஹவுஸ்வைஃப் என்று எழுதி அடித்துவிட்டு ஹோம்மேக்கர் என்று எழுதினேன். 'ஹவுஸ்மேக்கர்' என்று சிலர் சொல்கிறார்கள், அது தவறு.

மார்ச் 23, ஞாயிறு

நாளை வகுப்பில் வீட்டில் ஒருவருடைய தொழிலைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். எழுதி வைத்ததை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். 'மை ஃபாதர் இஸ் எ டர்னர். ஹி மேக்ஸ் ஷாஃப்ட்ஸ் அண்ட் புஷ்ஷஸ் ஆன் எ லேத்.' லேத்துக்கு 'இன்' வராது, 'ஆன்'தான், அதற்கு மட்டும் அரை மணி நேரம் போனது. டர்ன் என்ற சொல் லேத்திலிருந்து வந்த கதையையும் சேர்த்திருக்கிறேன், அதை ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிருந்தும் மூன்றாவது முறையும் தலையசைத்துக்கொண்டே கேட்டார்.

முடித்ததும் முதல் வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'ஷாஃப்ட், புஷ் மட்டும் இல்லம்மா, கியர் பிளாங்க்கும் போட்டுக்க' என்றார்.

சேர்த்துவிட்டேன்.