எத்திலீனுக்குப் பன்னிரண்டு

நேற்று ராத்திரி வேதியியல் நெட் தேர்வு (ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான தேசியத் தேர்வு) ரிசல்ட் வந்தது. மூன்றாவது தடவையில் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகை, கிடைத்துவிட்டது. போன தடவை 3 மதிப்பெண்ணில் தவறியது இன்னும் மனதில் ஆறவில்லை. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பகுதி சி. செம்பு மின்வாயில் கார்பன் டை ஆக்சைடை ஒடுக்கி (எலக்ட்ரான் கொடுத்து) எத்திலீன் எடுக்கிறார்கள், ஃபாரடே திறன் (செலுத்திய எலக்ட்ரானில் எத்தனை சதவீதம் அந்தப் பொருளுக்குப் போனது) என்ன என்று கேள்வி. 965 கூலும் மின்னூட்டம் செலுத்தியதாக வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 0.01 மோல் எலக்ட்ரான். கிடைத்த எத்திலீன் 0.0005 மோல். கார்பன் +4-இலிருந்து -2-க்கு இறங்குகிறது, ஆறு எலக்ட்ரான் என்று போட்டால் 30 சதவீதம் வரும். நான் அப்படித்தான் போட்டேன். எத்திலீனில் கார்பன் இரண்டு! பன்னிரண்டு எலக்ட்ரான், 60 சதவீதம். பாதி மதிப்பும் விடைகளில் இருந்தது. 4 போச்சு, நெகட்டிவில் 1 போச்சு.

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அன்றைக்கே தரையின் ஆத்தங்குடிக் கல் ஆறில், எந்தப் பொருளுக்கு எத்தனை எலக்ட்ரான் என்று சாக்பீஸால் எழுதினேன்: கார்பன் மோனாக்சைடு 2, ஃபார்மிக் அமிலம் 2, மெத்தனால் 6, மீத்தேன் 8, எத்திலீன் 12, எத்தனால் 12. "என்ன ஆத்தா, கோலமா?" என்று கேட்ட வீட்டுக்கார ஆச்சி, தேர்வு முடியும்வரை அந்த ஆறு கல்லை விட்டுவிட்டே துடைத்தார். நடக்கும்போதெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே மிதிப்பேன். நீங்களும் வாய்விட்டுப் படியுங்கள், மனசுக்குள் படித்தது எனக்கு ஒருநாளும் நின்றதில்லை.

எந்த உலோக மின்வாயில் எந்தப் பொருள் வரும் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடை யார் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். தங்கமும் வெள்ளியும் உடனே விட்டுவிடும், அதனால் அதுவே வெளியே வரும். நிக்கலும் பிளாட்டினமும் விடவே விடாது, கடைசியில் நீரிலிருந்து ஹைட்ரஜன்தான் மிஞ்சும். செம்பு நடுவில், அதனால் அதன்மேல் கார்பன் மோனாக்சைடு இன்னும் ஒடுங்கும். 1980-களில் ஜப்பானில் ஹோரி குழு செம்பில் மீத்தேனும் எத்திலீனும் வருவதைக் காட்டியதன் அருமை, இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தினமும் சிக்ரி வாசலைத் தாண்டித்தான் போகிறேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்து வந்த மின்வேதியியல் நிலையம் அது. அங்கே சேர வேண்டும் என்று இப்போது ஆசையாக இருக்கிறது.

மற்றவை:
– சபாட்டியே வினை (கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்து மீத்தேன்) வெப்ப உமிழ், மோலுக்குச் சுமார் 165 கிலோஜூல். மெத்தனாலும் உமிழ், சுமார் 49.
– தலைகீழ் நீர்வாயு மாற்றம் (அதே இரண்டும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடும் நீரும்) வெப்பம் கொள்ளும், 41. குறியை மாற்றிவிடாதீர்கள்.
– வெள்ளீயம் (டின்), ஈயம் (லெட்), இண்டியம் மின்வாய்களில்: ஃபார்மேட் (ஃபார்மிக் அமிலத்தின் அயனி).
– பகுதி ஏ-க்கு (பொதுத் திறன் கேள்விகள்) அரை மணிக்கு மேல் வேண்டாம்.

சரி, காரைக்குடிப் பக்கம் யாராவது அடுத்த தடவை எழுதுவதாக இருந்தால் என் நோட்டை வாங்கிக்கொள்ளலாம். எலக்ட்ரான் பக்கத்தில் மட்டும் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கும்.