ஜிப்சியின் ஸ்டீயரிங் ஆட்டம்: பட்டறைக் குறிப்புகள்

ஜூன் 3, 2024, திங்கள், பெங்களூரு

2002 மாடல் மாருதி ஜிப்சி கிங். புகார் இரண்டு. 60 வேகத்தில் குழியில் இறங்கி ஏறினால் ஸ்டீயரிங் கையை உதறிக்கொண்டு ஆடுகிறது. 30க்குக் குறைத்தால்தான் அடங்குகிறது. பிரேக் முதல் மிதியில் பாதிக்கு உள்ளே போகிறது, இரண்டாம் மிதியில் மேலேயே பிடிக்கிறது.

வண்டிக்காரர் ஜே.சி. ரோட்டில் புது ஸ்டீயரிங் டேம்பர் வாங்கிக் கையோடு கொண்டு வந்திருக்கிறார். "இதை மட்டும் மாத்திடுங்கண்ணா, போதும்." பெட்டி பின்சீட்டுக்குப் போயிற்று. டேம்பர் ஆட்டத்தை அமுக்கும், அவ்வளவுதான். சில மாதம் கை நிம்மதியாக இருக்கும். அதற்குள் உள்ளே தேய்வது இன்னும் தேய்ந்திருக்கும்.

நேற்று ஊரில் ஒரே நாளில் 111 மி.மீ. மழை. வண்டி முழங்கால் தண்ணீரில் ஓடியிருக்கிறது. அதனால் காலையில் முதல் நாலு பிரேக்கில் கண்டதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஈர ட்ரம்மும் ராத்திரிப் பிடித்த துருவும் எந்த வண்டியையும் இழுக்கும். மெதுவாக ஓட்டிக்கொண்டே பத்துப் பதினைந்து தடவை லேசாக மிதித்துக் காயவைத்த பிறகு வருவதுதான் நிஜமான கோளாறு.

ஜூன் 4, செவ்வாய்

சோதனை ஓட்டம். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் இதற்கு வசதி: தளத்தின் இணைப்புகள் வரிசையாக வந்து சக்கரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

ஆட்டம் எல்லாம் ஒன்றல்ல. 80, 90இல் மட்டும் வந்து, வேகம் மாறினால் போய்விடும் மெல்லிய நடுக்கம் பெரும்பாலும் டயர், பேலன்ஸ். ஒரு தட்டு வாங்கியதும் கிளம்பி, வேகம் இறங்கும்வரை நிற்காத உதறல் என்றால் எங்கோ தளர்ச்சி, இல்லாவிட்டால் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைவு. பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க். இந்த வண்டியில் கடைசி இரண்டும் இருக்கின்றன. 80இலிருந்து மெதுவாக மிதித்தால் பெடல் காலுக்கடியில் துடிக்கிறது, வண்டி வலப்பக்கம் ஒதுங்குகிறது. வலப்பக்கம் இழுத்தால் சந்தேகப்பட வேண்டியது இடது காலிப்பர், அதாவது பிரேக் கட்டைகளை (பேடு) டிஸ்கில் அழுத்தும் பிடி; வேலை செய்யாத பக்கத்தை விட்டுவிட்டு, செய்கிற பக்கத்துக்குத்தான் வண்டி திரும்பும்.

டயர் 235/75 R15, கம்பெனி அளவான 205/70ஐவிடப் பெரிது. காற்று 38 பி.எஸ்.ஐ. இருந்தது, 26க்கு இறக்கினோம். உதறல் 60க்குப் பதில் 70இல் கிளம்பியது. முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டும் போகவில்லை. டயர் கூட்டாளிதான், தலைவன் வேறு.

ஜூன் 5, புதன்

இன்றைய வேலை முக்கியம், கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன் ஆக்சிலை ஸ்டாண்டில் நிறுத்தியாயிற்று. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் இரண்டு பக்கமும் பிளே, அதாவது தளர்ந்த ஆட்டம். இது சக்கரம் சுழலும் ஹப் பேரிங்கா, சக்கரம் இடம் வலம் திரும்பும் கிங்பின்னா என்று பிரிக்க எளிய வழி: ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் ஆட்ட வேண்டும். மிதித்ததும் பிளே மறைந்தால் ஹப் பேரிங். மறையாவிட்டால் கிங்பின்.

வலதில் மறைந்தது. இடதில் மறையவில்லை. இடது நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கி, கிங்பின்னில் திரும்பும் பாகம்) மேல்மூடிக்கும் ஆக்சில் நுனி உருண்டைக்கும் இடையே தம்பி கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். ஒவ்வொரு ஆட்டுக்கும் விரலில் டொக் டொக்கென்று தட்டியது.

முதல் மிதி இறங்குவதற்கும் விடை வலது ஹப்பில்தான். ஹப் லூசானால் டிஸ்க் சாய்ந்து ஓடும், ஓடும்போதே பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அந்த இடைவெளியை நிரப்பவே முதல் மிதி செலவாகிறது. நேர் ரோட்டில் பெடல் நன்றாக இருந்து, இரண்டு வளைவு திரும்பியதும் இறங்கினால் இதுதான். பெடலை ஒரு நிமிடம் அமுக்கிப் பிடித்தும் தாழவில்லை, ஆயிலும் குறையவில்லை. பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இந்தப் புகாருக்கு நல்ல மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி எறிபவர்கள்தான் அதிகம்.

ஹப்பைத் திறந்தால் நட்டு கழலாமல் பிடிக்கும் லாக் வாஷரின் காது ஏற்கெனவே மடக்கி நிமிர்த்தி முறிந்திருக்கிறது. பேரிங் ரோலரில் குறையில்லை. கழுவி, கிரீஸ் நிரப்பி, ஹப்பைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, தளர்த்தி, பிளே போகும் அளவுக்கு மட்டும் மறுபடி இறுக்கினோம். லாக் வாஷர் புதிது.

ஜூன் 7, வெள்ளி

இடது கிங்பின். உருண்டைக்குள் கிரீஸ் மோர் நிறத்தில் வந்தது. நக்கிள் ஆயில் சீல் கிழிந்து தண்ணீர் போயிருக்கிறது. கீழ் பேரிங் கப்பில் ரோலர் பதிந்த பள்ளங்கள். வண்டி நேராக ஓடும் நிலையிலேயே பதிந்தவை, அதனால்தான் ஸ்டீயரிங் நடுவில் ஒரு கொக்கி விழுவது போல இருந்தது.

மேல், கீழ் கிங்பின்களையும் அவற்றின் ஷிம்களையும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) கலக்காமல் தனித்தனியே கட்டிவைக்க வேண்டும். புதுப் பேரிங் போட்டு, சீல் போடாமல், இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் டை ராடும் மாட்டாமல், நக்கிள் கையின் டை ராட் துளையில் மீன்காரர் வைத்திருக்கும் கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பார்க்கலாம். அசைய ஆரம்பிக்கும் எடை 1.0 முதல் 1.8 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பழைய ஷிம்மோடு 2.3 காட்டியது. 0.1 மி.மீ. ஷிம் ஒன்று சேர்த்ததும் 1.5. ஷிம் கூடினால் இளகும், குறைந்தால் இறுகும். ஆட்டம் போகட்டும் என்று ஷிம்மையெல்லாம் உருவிவிட்டால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது.

ஜூன் 8, சனி

இடது காலிப்பர் நகர்ந்துகொடுக்கும் சிலைடு பின் துருவில் இறுகிக் கிடந்தது. உள் பேட் 2 மி.மீ., வெளிப் பேட் 7. பின்னைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ரப்பருக்கு ஆகும் சிலிக்கான் கிரீஸ் போட்டோம். சாதா கிரீஸ் ரப்பர் உறையை ஊதவைத்துவிடும்.

டிஸ்க் கோணலாகச் சுற்றுகிறதா என்று பார்க்க டயல் கேஜ் வைக்கும்முன் வாஷர் போட்டு வீல் நட்டுகளை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்க் ஹப்பில் சரியாக உட்காராமல் பொய்க் கணக்கு வரும். முதலில் கோணல் 0.22 மி.மீ. டிஸ்கைக் கழற்றி, ஹப் முகத்தில் இருந்த துருவைச் சுரண்டியதும் 0.09, எல்லை 0.15. ஆனால் மைக்ரோமீட்டரால் எட்டு இடத்தில் தடிமன் பார்த்தால் 9.12 முதல் 9.17 வரை. அந்த 0.05தான் பெடலில் துடிப்பது. லேத்தில் கடையலாம், புதிதில் 10, குறைந்தபட்சம் 8.5 என்னும்போது மிச்சம் கொஞ்சம்தான். இரண்டு பக்கமும் புது டிஸ்க், புது பேட்.

ஜூன் 10, திங்கள்

பின்பக்கம் சுருக்கமாக. இடது ட்ரம்முக்குள் எண்ணெய். மூக்கில் ஏறும் கந்தக நாற்றம், ஆகவே கியர் ஆயில். கசிவது ஆக்சில் சீல், வீல் சிலிண்டர் இல்லை. ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் பயனில்லை, சூடானதும் மறுபடி வியர்க்கும். சீல் மாற்றி, ஷூ இரண்டு பக்கமும் மாற்றியாயிற்று. ட்ரம் உள்விட்டம் 220.8 மி.மீ., 222 வரை ஓடலாம்.

பிரேக் ஆயில் டீ டிகாஷன் நிறம். டாட் 3 ரகம் புதிதில் கொதிக்காமல் 205 டிகிரி தாங்கும், ஈரம் ஏறினால் 140தான். முழுக்க மாற்றி, தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி ப்ளீடிங், அதாவது குழாயில் உள்ள காற்றை வெளியேற்றியாயிற்று.

ஜூன் 11, செவ்வாய்

அலைன்மென்ட் மெஷினில் காஸ்டர் 1.5 டிகிரி. இருக்க வேண்டியது 3.5. காரணம் யாரோ உயரத்துக்காகப் போட்ட நீள ஷேக்கிள் (பட்டை ஸ்ப்ரிங்கைச் சட்டத்தோடு இணைக்கும் கண்ணி). ஜிப்சியில் முன் பட்டைகளின் ஷேக்கிள் முன்பக்கம் இருப்பதால், அது நீண்டால் ஆக்சில் முன்னால் கவிழ்ந்து காஸ்டர் குறைகிறது. பழைய அளவு ஷேக்கிள், புது புஷ் போட்டதும் 3.2. டோ-இன் (முன்சக்கரங்கள் முன்னால் உள்பக்கம் குவியும் அளவு) 4 மி.மீ.

பிறகு டேம்பரையே கழற்றிவிட்டு, விடியற்காலைக் காலி ரோட்டில் 40, 50, 60 என்று படிப்படியாக ஏற்றி அதே மேம்பால இணைப்புகளில் ஓட்டினோம். தட்டு வருகிறது, ஒரு தடவை அசைந்து நின்றுவிடுகிறது. முதல் மிதியிலேயே பிரேக். 85இல் மெல்லிய நடுக்கம் மிச்சம். அது பேலன்ஸ், டயர் கடைக்கு.

பழைய டேம்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை, இழுத்தாலும் தள்ளினாலும் ஒரே சீராகப் பிடிக்கிறது. அதையே திரும்ப மாட்டியாயிற்று. புதுசு பிரிக்காத பெட்டியோடு பின்சீட்டில் இருக்கிறது, பில்லும் உள்ளேயே.