பதினான்கும் பதினைந்தும்

"ரெண்டும் ஒண்ணுதான், சேர்த்து எழுதிடு." ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்தில் உள்ள மூசா தீவில், கல்மதில் இடுக்குகளில் கூடு வைக்கும் ஸ்டார்ம் பெட்ரல் என்ற சிறிய கடற்பறவையை எண்ணும்போது நான் சொன்ன இந்த ஒரு வாக்கியம் இன்னும் உறுத்துகிறது.

14, 15 என்று எண்ணிட்ட இரண்டு இடுக்குகள். நடுவே ஒரு முழம்கூட இல்லை. நாங்கள் ஒலிபரப்பிய பறவைக் குரலுக்கு முதல் மூன்று நாள் 14-இலிருந்து ஸ்டார்ம் பெட்ரல் பதில் கொடுத்தது. நான்காம் நாள் அது அடங்கிவிட்டது. 15-இலிருந்து குரல் வந்தது. கூட வேலை செய்த இளையவர் இரண்டு கூடு என்றார். நான் ஒன்று என்றேன்.

இந்தப் பறவை சுமார் 25 கிராம்தான். பகலில் ஜோடியில் ஒன்று இடுக்குக்குள் அடைகாக்கும், மற்றது கடலில் இருக்கும், இரவில்தான் போக்குவரத்து. அதனால் கண்ணால் எண்ண வழியில்லை. ஜூலையில், பெரும்பாலானவை முட்டையோடு இருக்கும் நாட்களில், ஆண் பறவையின் ஒலிப்பதிவைச் சில நொடிகள் இடுக்கின் வாயில் ஓடவிட்டுக் காதுகொடுக்க வேண்டும். உள்ளே ஆண் இருந்தால் கரகரவென்று இழுத்து, கடைசியில் விக்கல்போல ஒரு வெட்டு வெட்டும். பெண் பெரும்பாலும் வாய் திறக்காது. ஆண்கூட எல்லா நாளும் பதில் சொல்லாது. காற்றோ அலையோ ஓங்கினால் பதில் வந்தாலும் நமக்குக் கேட்காது.

விடுபட்டவற்றை ஈடுகட்டத்தான் மாதிரிப் பகுதி. குறிப்பிட்ட ஒரு மதில்துண்டில் தினமும் ஒலிபரப்பி, புதிய இடுக்கு எதுவும் பேசாத நாள் வரை தொடர வேண்டும். எளிய எண்களில் சொன்னால், மொத்தம் 30 கூடு, ஒரு நாளில் சராசரியாக 12 பதில் என்றால் பெருக்க வேண்டிய எண் 2.5. மற்ற இடங்களில் ஒரே தடவையில் 800 பதில் கிடைத்திருந்தால், 2,000 ஜோடி. இரண்டு கூட்டை ஒன்றாகச் சேர்த்து 30-ஐ 29 ஆக்கினால் அது 1,933 ஆகிவிடும். ஒரு முழம் கல்லுக்காக 67 ஜோடி தாளிலிருந்து மறைந்துபோகும்.

என் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. சாந்து பூசாத கல்மதில் உள்ளுக்குள் பொந்தும் சந்துமாக இருக்கும். குரல் எங்கே புறப்பட்டு எங்கே வெளிவருகிறது என்று காது ஏமாறும். நான்காம் நாள் காற்றும் திசை மாறியிருந்தது. சந்தேகம் வந்தால் குறைத்து எண்ணு என்றுதான் எனக்குப் பழக்கம்.

ஆனால் இளையவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அடைகாப்பதில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒருமுறை மாறிக்கொள்ளும். 14-இன் ஆண் நான்காம் நாள் கடலுக்குப் போயிருந்தால், 15-இல் பேசியது யார்? அவர் கணக்குச் சரியாகவே இருந்தது. இனப்பெருக்க வயதுக்கு வராத இளம் பறவைகளும் ஜூலையில் இடுக்கு தேடி அலையும், சில பகலிலும் உள்ளே தங்கிப் பதில் கொடுக்கும் என்று பிறகு எனக்குள் சொல்லிக்கொண்டேன். அப்படியானால் நான் எழுதியது சரி. ஆனால் அன்று இந்தக் காரணத்துக்காக நான் சேர்க்கவில்லையே.

கையை விட்டுப் பார்த்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அடைகாக்கும் பறவையைத் தொந்தரவு செய்தால் கூட்டை விட்டே போய்விடலாம். இருப்பது ஒரே முட்டை. அது போனால் பெரும்பாலும் அந்த வருடமே போச்சு.

செய்திருக்க வேண்டியது வேறு. ஒருவர் காது 14-இல், இன்னொருவர் காது 15-இல்; முதலில் ஒன்றில், பிறகு மற்றதில் ஒலிபரப்பி, எந்தப் பக்கம் குரல் கனமாக வருகிறது என்று ஒப்பிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. இரண்டு பேர் அங்கேதான் நின்றிருந்தோம். படகு நேரம் நெருங்கிவிட்டது என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.

இதைவிட வேறொன்று குடைகிறது. எங்களுக்கு முன் எண்ணியவர்கள் இப்படிப்பட்ட இடுக்குகளைப் பிரித்து எழுதியிருந்தால், நாங்கள் காட்டும் எண்ணிக்கைச் சரிவில் ஒரு பங்கு பறவையுடையது அல்ல, என் கையுடையது. அவர்களும் சேர்த்தே எழுதியிருந்தால் ஒப்பீடு பிசகாது. அவர்கள் குறிப்பில் எண் மட்டுமே இருந்தது. எப்படி முடிவெடுத்தார்கள் என்று ஒரு வரியும் இல்லை. என் குறிப்பிலும் அப்போது இல்லை. ஓரத்தில் "14/15: பிரிக்கவில்லை, இருவர் கருத்து வேறு" என்று பென்சிலால் எழுதியது ஊர் திரும்பிய பிறகுதான்.