ஹோவிக் (தென்னாப்பிரிக்கா), நீலப்பூப் பாத்தி

ஏப்ரல் 6
தூர் பிரித்தாயிற்று. நடுவில் வழுக்கை விழுந்திருந்தது, மூன்று வருடமானால் பல்லாண்டுக் கார்ன்ஃபிளவர் இப்படித்தான். நடுவை மட்குக் குவியலில் எறிந்துவிட்டு ஓரத்தில் மட்டும் 5 துண்டு. ஒவ்வொன்றிலும் 2, 3 குருத்து, கூடவே உருப்படியான வேர்.

ஏப்ரல் 7
நட்டது. இடைவெளி 45 செ.மீ. இங்கே மண் களி. குழிக்குள் மட்டும் மணல் போட்டால், சுற்றியுள்ள களிமண் தண்ணீரையெல்லாம் அந்தக் குழிக்கே அனுப்பும். கிணறு வெட்டின கதைதான். அதனால் பாத்தி முழுவதும் பருமணலும் மட்கும் கலந்து 20 செ.மீ. உயர்த்தியிருக்கிறேன். சாணம் வேண்டாம். கொழுத்த மண்ணில் தண்டு நீண்டு சாயும், பூ குறையும்.

ஏப்ரல் 19
மழை. தேங்கவில்லை.

ஜூன் 11
உறைபனி. இலையில் வெள்ளைப் பொடி. ஆல்ப்ஸ் மலைச் செடிக்கு இதெல்லாம் ஒரு குளிரா? டர்பன் கடற்கரைப் புழுக்கம்தான் ஆகாது.

ஆகஸ்ட் 23
பெர்க் காற்று, மலையிலிருந்து இறங்கும் வறண்ட வெப்பக் காற்று. ஒரே பகலில் மண் வெடித்துவிட்டது. காய்ந்த புல் மூடாக்கு, 3 செ.மீ. தூரைச் சுற்றிக் கையகலம் விட்டு.

செப்டம்பர் 14
சாம்பல் மயிரோடு குருத்து. நத்தையும் வந்தாயிற்று. ராத்திரி டார்ச்சோடு போய்ப் பொறுக்கினால்தான் உண்டு.

அக்டோபர் 9
மொட்டில் எறும்பு. அசுவினிப் பூச்சி என்று சோப்புத் தண்ணீர் கரைத்துவிட்டேன். நல்லவேளை, கிட்டே பார்த்தேன்: மொட்டுச் செதில்களிலிருந்தே தேன் கசிகிறது, எறும்பு அதற்குத்தான். செதில் ஒவ்வொன்றின் ஓரத்திலும் கறுப்பு மயிர் வரிசை, மை தீட்டிய இமை மாதிரி. சோப்புத் தண்ணீர் ரோஜாவுக்குப் போனது.

அக்டோபர் 21
நீலம். வெளிவட்டப் பூக்கள் மலடு, வண்டை அழைக்க மட்டும். விதை நடுவிலுள்ள செவ்வூதாவில்.

டிசம்பர் 3
முதல் சுற்று முடிந்தது. தண்டுகளை அடியிலை வரை வெட்டி, தூருக்கு அரை வாளித் தண்ணீர். வெட்டாமல் விட்டால் விதைக்குப் போய்விடும், இரண்டாம் சுற்று வராது.

டிசம்பர் 27
தினமும் இடிமழை. கீழிலைகளில் சாம்பல் நோய். கிள்ளிக் குப்பையில், மட்கில் அல்ல.

ஜனவரி 8
மூன்றாவது துண்டு வாடுகிறது. மண் ஈரம், இலை தொங்கல். இந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றக் கை பரபரக்கும், ஊற்றினால் போச்சு. இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. கழுத்து பழுப்பு, கொழகொழ, நாற்றம். மழை மூடாக்கை அடித்து வந்து தூரில் அப்பியிருக்கிறது. அந்தக் கையகலம்.

ஜனவரி 9
மற்ற நாலிலும் புல்லை விலக்கியாயிற்று. தொட்டால் இறுக்கம்.

ஜனவரி 10
மட்குக் குவியலில் அந்த வழுக்கைத் தூர். நாலு இலை.