புலவர் என்றொரு குடும்பம்

ராமநாதபுரம் விடுதியில் கொடுத்த படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம். எனக்கு அப்படி ஒன்று கிடையாது. விட்டுவிட்டேன். "கம்ப்யூட்டர் ஏற்காது சார்" என்றார் வரவேற்பில் இருந்த பையன். அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, கீழக்கரை பஸ்ஸைப் பிடித்தேன்.

திருப்புல்லாணி வழியாகப் போகும்போது அந்தக் கட்டம்தான் மனதில் ஓடியது. இந்தச் சீமையில் ஒரே கடைசிப் பெயரோடு எத்தனை பேர்! உமறுப் புலவர், படிக்காசுப் புலவர், சர்க்கரைப் புலவர், சவ்வாதுப் புலவர். ஒருவருக்கொருவர் உறவில்லை, மதமும் ஒன்றில்லை. பார்த்த வேலை ஒன்று, வாசற்படி ஏறியதும் பெரும்பாலும் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் அரண்மனையும் கீழக்கரை வள்ளல் வீடும்தான். முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சொற்களைப் பாருங்கள்: சர்க்கரை, சவ்வாது, காசு. மளிகைச் சீட்டு மாதிரி இருக்கிறது. தில்லைக் கோயில் படியில் காசு கிடைத்ததால் வந்த பெயர் படிக்காசு என்பார்கள். நம்புகிறோமோ இல்லையோ, புலவனின் பசி அந்தப் பெயரில் நன்றாகவே தெரிகிறது.

கீழக்கரை ஜும்மா பள்ளிவாசல் கல்தூண்களால் ஆனது. தூரத்துப் பார்வைக்குக் கோயில் மண்டபம்தான். கிட்டே போனால் பூவும் கொடியும் மட்டும். ஓர் உருவம் கிடையாது. ஒட்டினாற்போல் அந்த வள்ளல் சீதக்காதி அடங்கியிருக்கிறார். செத்தும் கொடுத்தவர். புதைகுழியிலிருந்து மோதிரக் கையை நீட்டிய கதையில் வாங்கிக்கொண்டவர் படிக்காசுப் புலவர் என்பார்கள். இங்கே அதை யாரும் கதை என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

"உமறு சீறாப்புராணம் பாடியதும் இங்கேதானா?" என்று திண்ணையில் இருந்த பெரியவரைக் கேட்டேன்.

"அவர் எட்டயபுரத்துக்காரர் தம்பி. செய்தி கேட்டு இங்கே வந்தவர்" என்றார்.

சரிதான். சமஸ்தானப் புலவராக இருந்த கடிகைமுத்துப் புலவரிடம் பாடம் கேட்டு, அவர் இடத்துக்கே வந்தவர் உமறு. அங்கேயும் 'புலவர்' குருவிடமிருந்து வந்ததே தவிர தகப்பனிடமிருந்து அல்ல. நபிகளின் வரலாற்றைப் பாடச் சொன்னவர் சீதக்காதி. செய்திகளைத் தேடி உமறு போய் நின்றது, இதே ஊரில் அடங்கியிருக்கும் மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பாவிடம். வேலை முடியும் முன்பே வள்ளல் போய்விட்டார். பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் கைகொடுத்தார். மூன்று காண்டம், 5027 பாட்டு. சீறாப்புராணத்துக்குள் புகழப்படுபவர் அபுல்காசிம். சீதக்காதியின் அடக்கத்தலத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்த எனக்கு இது கொஞ்சம் உறுத்தியது.

சவ்வாதுப் புலவர் கதை வேறு. பரமக்குடி பக்கம் எமனேசுவரத்துக்காரர். சூஃபி ஞானி முகையதீன் ஆண்டவருக்குப் பிள்ளைத்தமிழ் பாடியவர், அரண்மனை ராஜராஜேஸ்வரி அம்மனையும் பாடியிருக்கிறார். எனக்கு இந்த நால்வரில் இவரைத்தான் மிகவும் பிடிக்கும்.

திரும்பும்போது கால் கிலோ தொதல் வாங்கினேன். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சுண்டி இறுகிய கறுப்புத் துண்டு. பஸ்ஸில் பொட்டலத்தின் தாள் எண்ணெயில் கண்ணாடியாகிவிட்டது. டிக்கெட்டிலும் விரல் ரேகை.

மறுநாள் விடுதி ரசீது என் பெயரில் இல்லை. ஆறு வருடம் முன்பு போய்ச் சேர்ந்த அப்பா, ராமநாதபுரத்தில் இரண்டு இரவு தங்கிப் பணம் கட்டியிருக்கிறார்.