மூன்று மண் குண்டுகளில் இரண்டுதான் திரும்பி வந்தன

திருமங்கலம் வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து மூன்று மண் குண்டுகள் கிடைத்தன. பெரியப்பா கப்பல் வேலையில் இருந்த காலத்தில் ஜப்பானில் வாங்கியவை. ஒன்றில் ஊதுபத்தி செருகி வைப்பார், சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45இல், இரும்புத் தட்டுப்பாடு முற்றியதால் அரிடா, பிசென் போன்ற மட்பாண்ட ஊர்களின் சூளைகளில் சுட்டெடுத்த கைக்குண்டுகள் இவை. கைக்குள் அடங்கும் உருண்டை, மேலே குட்டைக் கழுத்து. பழைய மண்பாண்டம் சேர்ப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இரண்டுக்கு வாய் திறந்திருந்தது, உள்ளே காலி. அவற்றில் ஒன்றின் கழுத்து இரண்டாக உடைந்திருந்தது. மூன்றாவதற்கு ரப்பர் மூடி அப்படியே இறுகிக் கிடந்தது. அதையும் துண்டில் சுற்றி, மஞ்சப்பையில் போட்டு, கூட்டமான பஸ்ஸில் மதுரைக்குக் கொண்டு வந்தேன். நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது. மூடியிருக்கும் எதையும் தொடாதீர்கள், ஆட்டிப் பார்க்காதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு 100க்கு போன் செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது. ஸ்டேஷனுக்குப் போனேன். எழுத்தர் மனுவைப் படித்துவிட்டு, "பானைக்கெல்லாம் மனு வாங்க மாட்டோம் சார், தொல்லியல் ஆபீஸுக்குப் போங்க" என்றார். அங்கே அரை நாள் காத்திருந்தேன். 1972ஆம் வருடச் சட்டப்படி நூறு வருடம் ஆனால்தான் தொல்பொருள், இதற்கு எண்பதுதான் ஆகிறது, எங்களுக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான். எனக்குத்தான் ஒரு நாள் போனது.

மறுபடியும் ஸ்டேஷன். இந்த முறை மனுவை வாங்கிக்கொண்டார்கள். மனு பதிவானதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை நான் கேட்காமல் வந்துவிட்டேன். நான்கு நாள் கழித்துப் போனால் மனுவே இல்லை என்றார்கள். மூன்றாவது முறை ரசீது கையில் வரும்வரை பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. ரசீது எண் விழுந்த மறுநாளே ஆள் வந்தது.

முதலில் வந்த காவலர் மெட்டல் டிடெக்டரைக் காட்டினார். சத்தம் வரவில்லை, ஒன்றுமில்லை என்று கிளம்பப் பார்த்தார். மண்ணும் ரப்பருமாகச் செய்தது, கருவி கத்தாததை வைத்து உள்ளே மருந்து இல்லை என்று சொல்ல முடியாது என்று கெஞ்சி நிறுத்தினேன். அப்புறம்தான் வெடிகுண்டு நிபுணர்கள் வந்தார்கள். பஸ்ஸில் கொண்டு வந்ததைச் சொன்னதும் அவர்களில் மூத்தவர் திட்டிய திட்டு நியாயமானது. மூடியதை மணல் வாளியில் வைத்து எடுத்துப்போனார்கள். அது திரும்பவில்லை. கோர்ட் அனுமதி வாங்கி அழித்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். வருத்தம்தான், ஆனால் வேறு வழி இல்லை. மற்ற இரண்டும் வெறும் கூடு என்று எழுத்தில் கேட்டு வாங்கினேன். அதற்கு மேலும் இரண்டு நடை. வாயால் சொன்னதை நம்பி வந்துவிடாதீர்கள்.

இனி ஒட்டுகிற கதை. சுத்தம் செய்ய வாலை வடிநீரும் மென்மையான பிரஷும் போதும். மானாமதுரையில் கடம் செய்யும் ஒரு அண்ணாச்சியிடம் கழுத்தைப் புது மண்ணில் பிடித்துச் சுட முடியுமா என்று கேட்டேன். "சுட்ட மண்ணோட பச்ச மண்ண ஒட்டிச் சூளையில வச்சா, பச்ச மண்ணு மட்டும் சுருங்கும், பிச்சுக்கிட்டு வந்துரும்" என்றார். நல்லவேளை, கேட்டேன்.

உடனே ஒட்டும் பசை வேண்டாம். தப்பாக ஒட்டினால் பிரிப்பது பெரும்பாடு. அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து ஒட்டினேன். தேவைப்பட்டால் அசிட்டோன் தடவியே பிரிக்கலாம். ஒட்டியதும் மணல் தட்டில் நிறுத்திக் காயவிட்டேன், கோடே தெரியவில்லை.

சித்திரை வந்தது. அழகர் ஆற்றில் இறங்கிய வாரம், தகரக் கூரைக்குக் கீழே மேல் தட்டில் இருந்த குண்டின் கழுத்து ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. பி-72 சுமார் 40 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்பைப் படித்து ஒட்டிய நான், மதுரை வெயிலைக் கணக்கில் எடுக்கவில்லை. பிரித்து, கூடுதல் சூடு தாங்கும் பி-48என் வகையைக் கலந்து மறுபடி ஒட்டினேன். இப்போது இரண்டும் கீழ்த்தட்டில், வெயில் படாத சுவர் ஓரம் இருக்கின்றன. இந்த ஆண்டு அக்னி நட்சத்திரத்தில் கழுத்து அசையவில்லை.

போன வாரம் பெரியம்மா வந்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். உள்ளே ஊதுபத்திச் சாம்பல் கறை இருக்கிறது. அதை மட்டும் நான் கழுவவில்லை.